காலி நாற்காலிக்கு ஊற்றிய தேநீர்

ஈப்போ,
நிலாப் பண்டிகை முடிந்த வாரம்

ஸின் யீயின் அப்பாவுக்கு,

யோக் லான் எழுதிக்கொள்வது. நானும் மகளும் சுகம். அந்தக் குளிர் ஊரில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். கைப்பேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். கைப்பேசியில் பேசினால் கடையில் கூட்டம், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மடித்துச் சட்டைப்பையில் போட்டாலும் உறுத்திக்கொண்டு கிடக்கும்.

முதலில் வீட்டுச் செய்தி. கூரை ஒழுகினதை ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டேன். ஸின் யீக்கு உங்கள் உயரம் வந்துவிட்டது, உங்கள் முன்கோபமும் வந்துவிட்டது. அவளுக்கு நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தோம். கம்பளித் தொப்பி நன்றாக இருக்கிறது. உறைபதன அறைக்குள் போய்வந்தாலே காது வலிக்கிறது என்று புலம்புகிற ஆளாயிற்றே, ஆஸ்திரேலியக் கோடியில், ஹோபார்ட்டின் குளிரில் என்ன பாடுபடுகிறாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடையில் வாங்கியதா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஃபாட் சிஃபு வேலை கேட்டு வந்தார். என்னிடம்.

உட்கார்ந்து படியுங்கள். ஆமாம், நம் பழைய தலைமைச் சமையல்காரர், அதே ஃபாட் சிஃபுதான். உங்களுக்குக் கரண்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, பிறகு அதே கையை ஒடித்த மகான். நேற்று மதியம் நான் ஆவிக்கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கடைப் பின்வாசலில் வந்து நின்றார். சமையல் கத்திகளைச் சுற்றிவைத்த துணிச் சுருளைக் கக்கத்தில் வைத்திருந்தார். முன்னெல்லாம் அந்தச் சுருளைத் தூக்கிவரவே தனியாக ஒரு ஆள் இருப்பான், நினைவிருக்கிறதா? தலைமுடி முழுக்க வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போயிற்று. இங்கே ஆள் எடுப்பது நான்தான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

கடை முதலாளி, எங்கள் தௌக்கே அம்மா தியோவுக்குச் சமையல் தெரியாது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிற நல்ல மனுஷி. சமையலறைக்கு ஆள் பார்ப்பது உன் பொறுப்பு யோக் லான் என்று போன வருஷமே சொல்லிவிட்டார். திம்சம் கொழுக்கட்டை மடிக்கிற பெண்பிள்ளை, தலைமைச் சமையல்காரர் நிற்கிற முதல் அடுப்புக்கு ஆள் தேடுவதா என்று தேநீர்க்கடையில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் சிலரே பிறகு என்னிடம் வேலை இருக்குமா என்று கேட்டு வந்தார்கள். இப்போது தொழில் அப்படி ஆகிவிட்டது. கை பழகினவன் எல்லாம் சிங்கப்பூர் காசுக்கு ஓடிவிட்டான். இரண்டாம் அடுப்பை மியன்மார்க்காரர் ஸாவ் பார்த்துக்கொள்கிறார், தங்கமான மனிதர். முதல் அடுப்பு மட்டும் காலி. சீனப் புத்தாண்டு விருந்துகளுக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. தௌக்கே அம்மா தினமும் என் முகத்தைப் பார்க்கிறார்.

ஃபாட் சிஃபு எப்படி இந்த நிலைக்கு வந்தார் தெரியுமா? கேட்டால் உங்கள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். அவர் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த இரண்டாம் அடுப்புக்காரன், குழு மொத்தத்தையும் சத்தமில்லாமல் சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். காலையில் இவர் வந்து பார்த்தால் அடுப்பு எல்லாம் அணைந்து கிடக்கிறது. சிஃபு வேலையை விட்டு எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும், அதுதான் சமையலறைத் தர்மம் என்று நமக்குப் பாடம் நடத்தினவர் இல்லையா? இப்போது எல்லோரும் எழுந்துவிட்டார்கள். சிஃபு மட்டும் உட்கார்ந்திருக்கிறார். குழு இல்லாத சிஃபுவை எந்தக் கடை எடுக்கும்?

நீங்கள் மறந்திருக்கலாம். நான் எதையும் மறக்கவில்லை. அந்தக் கல்யாண விருந்தில், விருந்தாளிகள் எல்லாம் உட்கார்ந்த பிறகு, முதலாளியோடு தனக்கு இருந்த சண்டைக்காக ஏப்ரனைக் கழற்றி வீசிவிட்டு, வாங்கடா என்று எல்லோரையும் கூப்பிட்டார். எல்லோரும் போனார்கள். நம் சந்தை மீன்காரரின் மகள், மணப்பெண், சிவப்புப் பட்டோடு சமையலறை வாசலில் வந்து நின்று அழுதாள். நீங்கள் போகவில்லை. நீங்களும் நானும் மட்டும் நின்று அத்தனை மேசைக்கும் சமைத்து அனுப்பினோம். கை கொப்புளித்துப் போயிற்று. செய்த குற்றம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஈப்போவிலிருந்து பினாங்கு வரைக்கும் ஒவ்வொரு சிஃபுவுக்கும் உங்கள் பெயரைச் சொல்லிப் போன் போட்டார்: கம் வா துரோகி, குழுவை விற்றவன், எடுக்காதே.

தைப்பிங்கில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. சோதனைச் சமையலுக்கு உங்களைக் கூப்பிட்டார்கள். புதிதாக வருகிறவர் பணியாட்களுக்குச் சாப்பாடு சமைக்க வேண்டும், பிடித்தால் கிண்ணத்தை நீட்டுவார்கள், பிடிக்காவிட்டால் கவிழ்த்துவைப்பார்கள். நீங்கள் சமைத்துக்கொண்டிருக்கும்போதே அங்கே போன் வந்துவிட்டது. ஒரு வாய்கூட ருசி பார்க்காமல் எல்லாக் கிண்ணத்தையும் கவிழ்த்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கத்திச் சுருளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, கடல் தாண்டிப் போகிறேன் என்றீர்கள். பெயர் சுத்தமாகிற அன்றைக்குத்தான் இந்த ஊருக்குத் திரும்புவேன் என்றீர்கள். ஸின் யீ அப்போது பாலர் பள்ளி.

அதனால் கேட்கிறேன். இந்த மனிதரை என்ன செய்யட்டும்? அடுத்த வாரம் சோதனைச் சமையலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன். மன்னித்துவிடு என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வேலை என் கைக்கு வராது.

அடுப்புச் சாமிக்கு உங்கள் பெயரில் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருக்கும்,
யோக் லான்

*

ஈப்போ,
நவம்பர்

ஸின் யீயின் அப்பாவுக்கு,

உங்கள் பதில் வந்தது. கைப்பேசியில் மூன்று வரி. பழசைக் கிளறாதே, பாவம் வயதானவர், வேலையைக் கொடுத்துவிடு. அப்புறம், தொப்பி கடையில் வாங்கியது. சரி.

அந்த மூன்று வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் கையால்தான் எழுதினீர்களா என்று சந்தேகமாகக்கூட இருந்தது. அந்த மனிதர் பெயரைக் கேட்டாலே கரண்டியைச் சுவரில் எறிகிற ஆள், பாவம் என்று எழுதுகிறீர்கள். தாராளம் நல்லதுதான். ஆனால் இத்தனை வருஷம் தனியாகப் படுத்து எழுந்தது நான். தாராளம் காட்டுகிற உரிமை எனக்கும் பாதி உண்டு, என் பாதியை நான் தரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். சோதனைச் சமையலுக்கு வந்தார். மாட்டிறைச்சிக் கொய்த்தியோ, அந்தப் பட்டை அரிசி நூடுல்ஸைத்தான், வறுத்துப் போட்டார். சும்மா சொல்லக்கூடாது, பாவி மனுஷன் கை இன்னும் அப்படியே இருக்கிறது. சட்டியைச் சுழற்றும்போது எழுந்த புகை மணத்துக்கு ஸாவ் எச்சில் விழுங்கினார். நான் முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். அவர் தட்டை மேசையில் வைத்ததும் முதல் கிண்ணத்தை நான் கவிழ்த்தேன். பிறகு ஒவ்வொருவராகக் கவிழ்த்தார்கள். ஸாவ்தான் கடைசி, அவருக்கு மனசே இல்லை. ஃபாட் சிஃபு அந்தக் கிண்ணங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தைப்பிங் என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்தது.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பொய் சொல்ல மாட்டேன். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம். அன்றைக்குப் பேருந்தில் சிரித்துக்கொண்டே வந்தேன், பக்கத்தில் இருந்தவள் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள். சாப்பாட்டை வீணாக்கக்கூடாது என்று அந்தக் கொய்த்தியோவை வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். ஸின் யீ தின்றுவிட்டு, அப்பா சமையல் மாதிரியே இருக்கும்மா என்றாள். எனக்கு அதற்குமேல் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஃபாட் சிஃபு, தேநீர்க்கடை செங் மாமாவிடம் போயிருக்கிறார். ஊர்ச் சமையல்காரர்களின் வழக்கெல்லாம் தீர்கிறது செங் மாமாவின் வட்ட மேசையில்தானே. திங்கட்கிழமை காலை, கடைகளுக்கு விடுமுறை, எல்லா சிஃபுக்களும் அங்கே வந்து ஆள் பிடிப்பார்கள், ஆளைக் கழிப்பார்கள், வதந்தி பேசுவார்கள். அந்த மேசையில் தேநீர் ஊற்றித் தப்பை ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

போனேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். உட்கார இடம் இல்லாமல் படிக்கட்டில்கூட நின்றார்கள். செங் மாமா எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் காலியாகப் போடச் சொன்னார். உங்களுக்கு. ஃபாட் சிஃபு எழுந்து, தேநீர்க் கெண்டியை இரண்டு கையாலும் பிடித்து, அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் இருந்த கோப்பையில் ஊற்றினார். மேசைவிரிப்பில் கொஞ்சம் சிந்தியது. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"கம் வா துரோகி இல்ல. அன்னிக்கு எழுந்து போனது என் வீம்பு. அவன் வயித்துல அடிச்சது நான்."

நம்புங்கள், இந்த வார்த்தை அவர் வாயால், அத்தனை பேர் முன்னால். தைப்பிங்கில் கிண்ணத்தைக் கவிழ்த்த சிஃபுகூட அங்கே இருந்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

அப்புறம் எனக்கும் ஊற்றினார். யாராவது ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொல்வது நமக்கு மூச்சு மாதிரி. தூக்கத்தில் ஊற்றினாலும் விரல் தட்டும். நான் தட்டிவிட்டால் அவரை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். அது தெரிந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். எல்லோருடைய கண்ணும் என் கையைத் தேடியது. தேநீர் ஆறிப்போயிற்று. நான் தொடவில்லை.

செங் மாமா தீர்ப்புச் சொன்னார். வழக்கு கம் வாவுடையது, கோப்பையும் கம் வாவுடையது. அவன் வந்து குடிக்கிற வரைக்கும் ஃபாட்டை இந்த ஊரில் யாரும் எடுக்கக்கூடாது. அதுவரை ஒவ்வொரு திங்களும் ஃபாட் வந்து அந்த நாற்காலிக்குப் புதிதாக ஊற்ற வேண்டும். இதைவிட நல்ல தீர்ப்பை நானே கேட்டிருக்க மாட்டேன். கதவு சாத்தப்பட்ட வீதியில் நடப்பது எப்படி இருக்கும் என்று அவரும் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னும் நல்ல செய்தி இருக்கிறது. தௌக்கே அம்மாவிடம் பேசிவிட்டேன். நீங்கள் வந்தால் முதல் அடுப்பு உங்களுக்கு. நீங்கள் அந்தத் தேநீரைக் குடித்தால் ஃபாட் சிஃபுவையும் எடுத்துக்கொள்வோம், உங்களுக்குக் கீழே. உங்களுக்குக் காய் நறுக்கிக் கொடுப்பார். குடிக்காமல் அவர் முகத்தில் ஊற்றினாலும் ஊற்றுங்கள், உங்கள் இஷ்டம். புத்தாண்டு விருந்துக்கு ஆள் வேண்டும் என்பதால் அம்மா அவசரப்படுகிறார், ஆனால் உங்களுக்காகப் பொறுத்திருக்கிறார்.

பெயர் சுத்தமாகிவிட்டது. நீங்கள் கேட்டது அதுதானே. இனி வரவேண்டியதுதான் பாக்கி. எந்த விமானம் என்று எழுதுங்கள். ஸின் யீக்கு இன்னும் சொல்லவில்லை, நீங்கள் வாசலில் வந்து நின்றால் அவள் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும்.

கட்டிலுக்கு அடியிலிருந்து உங்கள் கத்திச் சுருளை எடுத்து, எல்லாவற்றுக்கும் சாணை பிடித்து வைத்திருக்கும்,
யோக் லான்

*

ஈப்போ,
டிசம்பர், குளிர்கால விழாவுக்கு மறுநாள்

கம் வாவுக்கு,

உங்கள் பதில் வரவில்லை. மாதச் செலவுக்குப் பணம் மட்டும் வழக்கம்போல் வந்தது. ஸின் யீ செய்தி அனுப்பினால் சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்புகிறீர்கள். விரல் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

நேற்று அரிசி உருண்டை உருட்டினோம். உங்களுக்கும் ஒரு கிண்ணம் வைத்தேன். குடும்பமாக இருந்து சாப்பிடுகிற நாளில் அது ஆறிக்கொண்டு கிடந்தது. காலையில் எடுத்துக் கொட்டும்போது ஸின் யீ பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

திங்கட்கிழமைகளைப் பற்றிச் சொல்கிறேன். ஃபாட் சிஃபு ஒரு வாரமும் தவறாமல் வருகிறார், ஊற்றுகிறார், நிற்கிறார், போகிறார். முதல் சில வாரம் எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. அவர் நிற்பதைப் பார்க்கவே காலையில் சீக்கிரம் எழுந்தேன். கூடியிருந்தவர்களும் அவரைத்தான் பார்த்தார்கள். எங்கேயோ ஒரு வாரத்தில் அது மாறிவிட்டது. இப்போது அவரை யாரும் பார்ப்பதில்லை. நாற்காலியைப் பார்க்கிறார்கள். பிறகு என்னைப் பார்க்கிறார்கள். கம் வா எப்போது வருகிறார் என்று முதலில் கேட்டார்கள். இப்போது கேட்பதில்லை, உங்கள் மகள் எந்த வகுப்பு என்று பேச்சை மாற்றுகிறார்கள். அந்தப் பரிதாபத்தைவிட அன்றைக்குச் சிரித்தார்களே, அது எவ்வளவோ மேல்.

போன திங்கள் கூட்டம் இல்லை. மழை. ஃபாட் சிஃபு ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றார். ஏதாவது கெஞ்சப் போகிறார், சரியாகக் கொடுக்கலாம் என்று நாக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கெண்டி மூடியைச் சரிசெய்தபடி, தாழ்ந்த குரலில்தான் சொன்னார்:

"ஆ லான், நான் சாத்தினது ஈப்போவுல இருந்து பினாங்கு வரைக்கும் இருக்கிற சமையக்கட்டுக் கதவுங்களைத்தான். விமானக் கதவை நான் சாத்தலையே."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு வார்த்தை. குடையை விரித்துக்கொண்டு நடந்தேன். வீடு வருகிற வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது பார்த்தால், திட்டிக்கொண்டிருந்தது அவரை இல்லை.

இத்தனை வருஷம் என் கோபத்தை எல்லாம் ஒரே மனிதர் தலையில் அடுக்கி வைத்திருந்தேன். ஸின் யீக்குக் காய்ச்சல் வந்தால் ஃபாட். கூரை ஒழுகினால் ஃபாட். நீங்கள் போனை வைத்துவிட்டால்கூட, பாவம் மனுஷன், அந்த ஃபாட்டால்தானே அவ்வளவு தூரத்தில் கிடந்து அல்லாடுகிறார் என்று நினைப்பேன். அவர் எனக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கிறார் என்று இப்போதுதான் தெரிகிறது. உங்களுக்கும் அப்படித்தான் உதவியிருக்கிறார் போல. உங்கள் பெயர் கெட்டுக் கிடக்கிற வரைக்கும் நீங்கள் திரும்பி வரவேண்டிய கட்டாயம் இல்லை. அதனால்தான் பழசைக் கிளறாதே என்று எழுதினீர்கள். நான் முட்டாள், தாராளம் என்று நினைத்தேன்.

அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு வருவது ஆத்திரம்தான், அது நன்றாகவே வருகிறது.

புத்தாண்டுக்கு முந்திய திங்கட்கிழமை, அடுப்புச் சாமியை வானத்துக்கு வழியனுப்பின கையோடு, செங் மாமா கடைக்குப் போவேன். நாற்காலி போட்டிருக்கும். ஃபாட் சிஃபு ஊற்றுவார். நீங்கள் வந்து உட்கார்ந்தால் கோப்பை உங்களுடையது, முதல் அடுப்பு உங்களுடையது, வீட்டுக் கதவும் திறந்திருக்கும். எங்கே இருந்தீர்கள், யாரோடு இருந்தீர்கள் என்று அந்த மேசையில் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். வீட்டுக்கு வந்து கேட்பேன், அது வேறு.

நீங்கள் வராவிட்டால் அந்த நாற்காலியில் நான் உட்காருவேன். உங்கள் கோப்பையை எடுத்து எல்லோர் முன்னாலும் நான் குடிப்பேன். இரண்டு விரலால் மேசையைத் தட்டுவேன், படிக்கட்டில் நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி. அன்றைக்கே ஃபாட் சிஃபுவை முதல் அடுப்பில் நிறுத்துவேன். நீங்கள் நிற்கவேண்டிய இடத்தில். சாணை பிடித்து வைத்த கத்திகளையும் அவருக்கே கொடுத்துவிடுவேன். அவருக்கும் நமக்கும் இருந்த பகை அதோடு தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு எனக்கு உலகத்தில் பகை என்று மிச்சம் இருக்கப்போவது ஒரே ஒரு ஆளோடுதான். அந்த ஆள் தேநீர் ஊற்ற வந்தாலும் என் கை தொடைக்கு அடியிலேயே இருக்கும்.

ஸின் யீக்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அப்பாவின் பெயரை ஊரில் சுத்தப்படுத்தியாயிற்று என்று மட்டும் சொல்வேன். வீட்டில் அந்தப் பெயர் எப்படி இருக்கவேண்டும் என்று அவளே முடிவு செய்துகொள்ளட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஊருக்கெல்லாம் சமைக்கிறவன் பட்டினி கிடப்பான் என்று சும்மாவா சொன்னார்கள். அங்கே இப்போது கோடை என்கிறார்கள், இருந்தாலும் வெளியே போனால் அந்தத் தொப்பியை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கடைத் தொப்பி இல்லை, கைப்பின்னல். குளிர் பட்டால் உங்களுக்குக் காது வலிக்கும் என்று அதைப் பின்னியவளுக்கும் தெரிந்திருக்கிறது. காது முழுக்க மூடுகிற மாதிரி இறக்கித்தான் பின்னியிருக்கிறாள்.

புத்தாண்டுக்கு முந்திய திங்கள் வரைக்கும் உங்கள் மனைவி,
யோக் லான்